மீன் பெட்டியில் வெந்த சோறு

எண்பத்தோராம் நாள் காலை ஒன்பது மணி சுமாருக்குப் புவனா வீட்டு கேஸ் தீர்ந்தது.

கேஸ் என்ன சொல்லிக்கொண்டா தீரும்? நீலச் சுடர் இரண்டு தடவை துள்ளி, மஞ்சளாகி, பொசுக்கென்று அவிந்துவிட்டது. மேலே குக்கரில் அரிசிம்பருப்புச் சோறு தளதளவென்று கொதிக்கிறது, விசில் இன்னும் வரவில்லை. புவனா சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தாள், உருட்டிப் பார்த்தாள், ஒரு தட்டும் தட்டிப் பார்த்தாள். "அட கெரகமே, இன்னும் அஞ்சே நிமிசம் எரியக் கூடாதா?" என்று அதனிடமே கேட்டாள். ம்ஹூம், சிலிண்டர் அசையவில்லை.

தப்பு அவள் மேல்தான். பத்து நாளைக்கு முன்பே புக் பண்ணியிருக்க வேண்டும். சோம்பலால் பண்ணாமல் விட்டாள் என்று நினைத்தால் உங்களுக்குப் புவனாவைத் தெரியாது. பின்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தாஜுன்னிசாவுக்கும் இவளுக்கும் இரண்டு வருடமாக ஒரு போட்டி நடக்கிறது. ஒரு சிலிண்டரை யார் அதிக நாள் ஓட்டுவது? தாஜுன்னிசா எழுபத்தொன்பது நாள் ஓட்டிக் காட்டியிருந்தாள். அதைத் தாண்டிவிட்டுத்தான் புக் பண்ணுவேன் என்று புவனா உட்கார்ந்திருந்தாள். தாண்டியும்விட்டாள். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே சிலிண்டர்.

சிங்காநல்லூரில் ஒரு பழைய மில்லுக்குப் பின்னால், குழந்தையம்மாள் என்ற வீட்டுக்கார அம்மாவின் காம்பவுண்டில் நான்கு லைன் வீடுகள். கடைசி வீடு புவனாவுடையது. கணவன் கிருபாசங்கர் பக்கத்து வீதியில் மோட்டார் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். ஆர்டர் குறைந்ததிலிருந்து வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. மகள் லாஸ்யா பிளஸ் டூ படிக்கிறாள். மூன்று பேரும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். அது எப்படி என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் விளங்கியதில்லை.

உழவர் சந்தைக்குப் புவனா கடை கட்டும் நேரத்துக்குத்தான் போவாள். மிச்சக் காயை மூட்டை கட்ட அலுத்துக்கொண்டு நிற்கும் தொண்டாமுத்தூர்க்காரரிடம், "ஏனுங்ணா, இத்தனையையும் திருப்பிச் சொமக்கோணுமா?" என்று ரொம்பக் கரிசனமாகக் கேட்பாள். பை நிறைந்துவிடும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், கொத்தமல்லித் தண்டு ரசத்துக்குப் போகும், அரிசி களைந்த தண்ணீரில் புளி ஊறும். தர்பூசணியின் வெள்ளைச் சதையில் கூட்டு வைத்து அதைச் சுரைக்காய் என்று நம்பவைத்தவள் அவள். கிருபாசங்கர் இன்றுவரை அது சுரைக்காய் என்றே நினைக்கிறான். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இந்தச் சாமர்த்தியங்களுக்கெல்லாம் தலையானது மீன் பெட்டி.

தாஜுன்னிசாவின் வீட்டுக்காரர் ரசாக்குக்கு உக்கடம் மார்க்கெட்டில் மீன் வியாபாரம். ஐஸ் போட்டு மீன் வந்து இறங்கும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று அவர்கள் வீட்டு மூலையில் கிடப்பதைப் புவனா சுவர் வழியாகப் பார்த்தாள். "ஏன் தாஜுக்கா, ஐஸ உருகாம வெச்சிருக்கற பொட்டி, சூட்டையும் ஆறாம வெச்சிருக்கோணுமல்ல?" என்று கேட்டாள். பெட்டி சுவர் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. புளி போட்டு, எலுமிச்சைத் தோல் போட்டு, சோப்புத் தூள் போட்டுப் பன்னிரண்டு தடவை கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்தாள். அன்றிலிருந்து குக்கரில் ஒரு விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவாள். பழைய கம்பளியில் குக்கரைச் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கி மூடுவாள். மத்தியானம் திறந்தால் சோறு குழைய வெந்து ஆவி பறக்கும். எண்பது நாள் ஓடிய ரகசியம் அதுதான்.

அதில் ஒரு சங்கடமும் இருந்தது. கணவர் இறந்த வருடம் மருதமலைக்கு வேண்டிக்கொண்டு கவுச்சியை விட்டவர் குழந்தையம்மாள். மீன், கறி, முட்டை எதுவும் தன் காம்பவுண்டுக்குள் வரக் கூடாது என்று குடிவந்த அன்றே சொல்லியிருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் யாரோ மார்க்கரால் கொட்டை எழுத்தில் "மத்தி" என்று எழுதிவைத்திருந்தார்கள். எதைப் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. பழைய காலண்டரிலிருந்து ஒரு ரோஜாப்பூப் படத்தைக் கத்தரித்து அதன்மேல் ஒட்டிவிட்டாள்.

அன்று விசில் வராத குக்கரையே கம்பளியில் சுற்றி உள்ளே இறக்கினாள். "வெந்தா சாமி, வேகாட்டி தாஜுக்கா அடுப்பு" என்று மூடியை அழுத்தி மூடினாள். போனை எடுத்து சிலிண்டர் புக் பண்ணினாள். வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

சிலிண்டர் போனதுகூட அவளுக்குப் பெரிய வெசனம் இல்லை. பெரிய வெசனம் முன்ரூம்.

காம்பவுண்டின் முன்பக்கம் வீதியைப் பார்த்த ஷட்டர் அறை அது. அதன் மாடியில்தான் குழந்தையம்மாள் தனியாக இருக்கிறார். இரண்டு மாதமாக அறை பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் இருபது பட்டறைகள். மத்தியானம் ஆனால் அத்தனை பேரும் ஆறிப்போன தூக்குப் போசியைத் திறந்து உட்காருகிறார்கள், இல்லாவிட்டால் மெயின் ரோட்டு ஓட்டலுக்கு ஓடுகிறார்கள். அந்த அறையில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக் கடை போட்டால்? ஒரு நாள் அரிசிம்பருப்பு, ஒரு நாள் கொள்ளு ரசம், ஒரு நாள் தக்காளிச் சோறு. சுடச்சுட, கட்டுப்படியாகிற விலையில். அப்படி ஒன்று அமைந்தால் லாஸ்யா காலேஜுக்குப் போவாள். அமையாவிட்டால் அவள் பரீட்சை முடிந்த கையோடு ஏதாவது கம்பெனி வேனில் வேலைக்கு ஏற வேண்டியதுதான். கிருபாசங்கரும் புவனாவும் இதை வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டிருந்தாள். "அடுப்புக் கடைங்கறயா? முன்னால டீக்கடை வெச்சவன் செவுத்தக் கரி பண்ணிப்போட்டல்ல போனான். பாக்கலாங் கண்ணு" என்றார் குழந்தையம்மாள். அந்தப் 'பாக்கலாம்' எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் புவனா தவித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தாஜுன்னிசா சுவர் வழியாக எட்டிப் பார்த்து ஒரு சேதி சொன்னாள். காந்திபுரத்தில் மொபைல் கவர் கடை வைத்திருக்கும் ஒரு பையன் வந்து அறையை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனானாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் அன்று நடந்தது உங்களுக்குப் புரியாது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பிடக் கூப்பிடுவோம். கரண்ட் பில் எடுக்க வந்தவரானாலும் சரி, கூப்பிட்டாக வேண்டும். வந்தவர் மறுத்தாக வேண்டும். "இருக்கட்டுங்க" என்பார். இரண்டாவது தடவையும் கூப்பிடுவோம். "இப்பத்தானுங்க ஆச்சு" என்பார். இரண்டு பக்கத்துக்கும் மரியாதை காப்பாற்றப்பட்டது, அவரவர் வேலையைப் பார்க்கலாம். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் அது நிஜமான அழைப்பு. அப்போது வந்தவர் உட்கார்ந்துவிடுவார்.

புவனா மாதிரி அளந்து ஆக்குகிறவளுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு தடவை கூப்பிடுவாள். மூன்றாவது தடவை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. பதினோரு வருடமாக மாதம் ஒரு தடவை குழந்தையம்மாள் வாடகைக்கு வருவார், இரண்டு தடவை அழைப்பு, இரண்டு தடவை மறுப்பு, போய்விடுவார். அந்த அம்மா யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார், ரொம்பக் கெத்து என்றுதான் லைனில் பேச்சு.

பன்னிரண்டேகாலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"புவனா, ஊட்ல இருக்கறயா கண்ணு?"

இன்று வாடகை நாள் இல்லை. "வாங்கம்மா, வாங்க, உக்காருங்க" என்று புவனா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

அறுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாமல் நடக்கிறவர் குழந்தையம்மாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அந்த முன்ரூம் விசயமாத்தான்..." என்று தொடங்கினார்.

"சாப்புடுங்கம்மா" என்றாள் புவனா. வழக்கமாகச் சொல்வதுதான், வாய் தானாகச் சொன்னது.

"இருக்கட்டுங் கண்ணு. அந்த மொபைல் கடைக்காரத் தம்பி வந்து..."

இதற்குமேல் கேட்கப் புவனாவுக்குத் தைரியம் இல்லை. அந்த வாக்கியம் முடிந்தால் லாஸ்யாவின் காலேஜும் முடிந்தது. "ஒரு வாய் சாப்ட்டுப்போட்டுப் பேசலாமுங்க" என்று குறுக்கே விழுந்தாள்.

"இப்பத்தான் காப்பி குடிச்சேன். நாளைக்குக் காலைல அந்தத் தம்பி அட்வான்ஸோட வாரேன்னு..."

"நீங்க சாப்புடாமப் போனா எனக்கு வெசனமாப் போயிருமுங்கம்மா! உக்காருங்க, போடறேன்!"

சொன்ன பிறகுதான் புவனாவுக்கு உறைத்தது. மூன்று! மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டாள்.

குழந்தையம்மாள் பேச்சை நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயைத் தானே எடுத்து விரித்து, சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"செரி கண்ணு. போடு."

ஐயோ! புவனா அடுக்களைக்குள் ஓடித் திரையை இழுத்துவிட்டாள். வீட்டில் இருப்பது மூன்று பேருக்கு அளந்து வைத்த அரிசிம்பருப்பு. அதுவும் வெந்ததா இல்லையா தெரியாது. அப்பளம் இருக்கிறது, பொரிக்க நெருப்பு இல்லை. தயிர் அரைக் கிண்ணம். இத்தனைக்கும் மேல், மீன் பெட்டி.

பின்கதவைத் திறந்து சுவரில் எக்கி, "தாஜுக்கா! தாஜுக்கா!" என்று மூச்சுக் குரலில் கூப்பிட்டாள். தாஜுன்னிசாவின் தலை தெரிந்தது.

"ஊட்டுக்காரம்மா சாப்புட உக்காந்துட்டாங்கக்கா!"

"யாரு, குழந்தையம்மாளா? மூணு தடவ கூப்புட்டயா?"

"வாய் தவறிப் போச்சுக்கா. நெய் இருந்தாக் குடு. கேஸும் தீந்துபோச்சு."

"எத்தன நாளு?"

"எண்பத்தொண்ணு."

"அடிப்பாவி, ஜெயிச்சுட்டயா!" என்று தலையில் அடித்துக்கொண்டே தாஜுன்னிசா உள்ளே ஓடினாள். ஒரு நிமிடத்தில் நெய்க் கிண்ணமும் இரண்டு பொரித்த அப்பளமும் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் சுவர் தாண்டி வந்தன.

"ஆரோட நாயம் பேசற கண்ணு?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"சும்மா காக்காயி தொரத்துனேனுங்க!"

புவனா பெட்டியின் முன் மண்டியிட்டாள். மூடியைத் தூக்கினாள், கம்பளியை விலக்கினாள், குக்கர் மூடியைத் திருகித் திறந்தாள். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. பூண்டும் சின்ன வெங்காயமும் சீரகமும் கலந்த வாசம். ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினாள். மசிந்தது. பருப்பை எடுத்து நசுக்கினாள். அதுவும் மசிந்தது. விசில்கூட வராத சோறு வெந்துவிட்டது! அந்த அவசரத்திலும் பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள்.

வட்டலில் தன்னுடைய பங்கை அப்படியே போட்டு, நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றி, அப்பளமும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையம்மாள் முதல் வாய் எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாறு வாயில் வட்டல் காலி.

"இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு."

லாஸ்யாவின் பங்கில் பாதி போயிற்று. புவனாவுக்கு உள்ளுக்குள் எரிந்தது. கெத்து, கெத்து என்றார்களே, இதுதானா கெத்து? ரூமையும் எவனுக்கோ கொடுத்துவிட்டு, பிள்ளை சோற்றையும் தின்கிறாரே!

"இன்னும் ஒரு கரண்டி இருக்குமா?"

இந்தத் தடவை புவனா குனிந்து போடும்போது அந்தக் கையைப் பார்த்தாள். முன்பெல்லாம் மணிக்கட்டில் கவ்விப் பிடித்திருக்கும் வளையல் இப்போது முழங்கைவரை வழுக்கிப் போய் நின்றது. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. வட்டலோரத்தில் ஒட்டியிருந்த ஒற்றைப் பருக்கையையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார் அந்த அம்மா. இது ருசிக்குச் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை, இவருக்குப் பசி என்று புவனாவுக்குத் தெரிந்தது. நான்கு வீட்டு வாடகை வாங்குகிறவருக்குப் பசியா?

அந்த நேரம் பார்த்து வெளியே டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கிருபாசங்கர் வாசலில் இருந்தே, தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினான்.

"ஏ புவனா! மீன் பொட்டியத் தொறந்தாச்சா? பசி கொல்லுது!"

குழந்தையம்மாளின் கை பாதி வழியில் நின்றது.

"என்ன பொட்டி?"

குழந்தையம்மாள் எச்சில் கையோடு எழுந்தார். முழங்கையால் திரையை ஒதுக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். ஆவி பட்டு பசை இளகி, ரோஜாப்பூ ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை இழுத்தார். கொட்டை எழுத்தில் மத்தி.

வாசலில் கிருபாசங்கர் ஒரு செருப்பைக் கழற்றியும் ஒன்றைக் கழற்றாமலும் நின்றான்.

"பன்னண்டு தடவ களுவுனேனுங்கம்மா" என்றாள் புவனா. "ஒரு செதில்கூட இந்தக் காம்பவுண்டுக்குள்ள வந்ததில்லீங்க. பொட்டி மட்டுந்தானுங்க. இன்னைக்கே தூக்கிப் போட்டர்றேனுங்க." முன்ரூமும் போயிற்று, இருக்கிற வீடும் போகப்போகிறது என்று கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

குழந்தையம்மாள் அவளைப் பார்க்கவில்லை. அடுப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"அடுப்பு சில்லுனு இருக்குது?"

"காலைல ஒம்போது மணிக்கே கேஸ் தீந்துபோச்சுங்க."

"அப்பறம் சோறு சுடுதே?"

"ஒரு கொதி வந்துச்சுங்க. மிச்சத்தப் பொட்டி பாத்துக்கிச்சு."

"அதுவாவே வெந்துச்சா?"

"ஆமாங்க. அதுக்கப்பறம் நெருப்பு வேண்டியதில்லீங்க. பொகை இல்ல, கரி இல்ல."

குழந்தையம்மாள் நிமிர்ந்து அடுக்களைச் சுவரைப் பார்த்தார். அடுப்புக்கு நேர்மேலே இருந்த சுவர், பதினோரு வருடத்துக்கு முன் அடித்த அதே வெள்ளைச் சுண்ணாம்பு. தரையிலிருந்து மேலே ஓடுவரை நிதானமாகப் பார்த்தார்.

"அம்பது பேருக்கு ஆக்கோணும்னா?"

"ரசாக்கண்ணன்கிட்டப் பெரிய பொட்டி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் புவனா.

"அதையும் பன்னண்டு தடவ களுவு."

புவனாவுக்கு முதலில் விளங்கவில்லை. குழந்தையம்மாள் திரும்பி வந்து வட்டலின் முன் உட்கார்ந்துகொண்டார்.

"கவுச்சி உட்டது என்ற வேண்டுதலு. பொட்டியையா திங்கறேன், சோத்தத்தான திங்கறேன்? கரண்டிய எடுத்துட்டு வா. நின்னுட்டே இருந்தா எப்படி?"

மிச்சம் இருந்தது கிருபாசங்கரின் பங்கு. புவனா அதில் ஒரு கரண்டி கொண்டுவந்து போட்டாள். அடுத்த கரண்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டபோது குக்கர் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. குழந்தையம்மாள் தலைதூக்கினார்.

"தம்பிக்கு?"

"அவரு பட்டறைலயே சாப்ட்டுட்டாருங்க."

"ஆமாங்க, வயிறு ரொம்பிப் போச்சுங்க" என்றான் கிருபாசங்கர், இன்னொரு செருப்பையும் ஒருவழியாகக் கழற்றிக்கொண்டே.

"இப்பத்தான பசி கொல்லுதுன்னு கத்துன? நீ சாப்ட்டயா புவனா?"

"ஆச்சுங்கம்மா."

"உங்க ரெண்டு பேர்த்துக்கும் பொய் சொல்லக்கூடத் தெரியல."

அவர் கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பேக்கரி கவர் இருந்தது. உள்ளே நாலு பன். மேலே தேதி பார்த்தால் நேற்றையது.

"இதச் சாப்புடுங்க. என்ற மத்தியானச் சோறு இதுதான்."

"இன்னைக்கா?" என்றாள் புவனா.

"தெனமும்" என்றார் குழந்தையம்மாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டார். "ஒருத்திக்கு என்னத்தக் கண்ணு ஆக்கறது? அரிசி களையறப்பவே அலுத்துப் போகுது. பையன் ஓசூர்ல இருந்துட்டு சமையலுக்கு ஆள் வெச்சுக்கம்மாங்கறான். ஆள் வெச்சு ஆக்கி, அதையும் ஒருத்தியாத்தான திங்கோணும்? நீ பன்னண்டரைக்கு மூடியத் தொறந்தீன்னா வாசம் மேல வரைக்கும் வரும். சன்னலோரம் போயி நின்னுக்குவேன்."

"அம்மா, நான் மாசாமாசம் கூப்புட்டனுங்களே!"

"ரெண்டு தடவ கூப்புடுவே. மூணாவதும் கூப்புடுவியான்னு உன்ற மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். வராது. ரெண்டாவது தடவைலயே வாரேன்னு சொல்ல முடியுமா? நானும் இந்த ஊர்க்காரிதான கண்ணு."

புவனாவுக்கு முகம் சிவந்து காது சுட்டது. பதினோரு வருடம். கேஸை மிச்சம் பிடித்தாள், தோலை, தண்டை, கழுவிய தண்ணீரை மிச்சம் பிடித்தாள். அது எல்லாம் பெருமை. இந்த ஒரு வார்த்தையையும் சேர்த்து மிச்சம் பிடித்துவிட்டாளே! தன்னையே ஓங்கி ஒரு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"அதுக்கு ஏன் அளுகற?" என்றார் குழந்தையம்மாள். "அந்த மொபைல் தம்பி நாளைக்கு வந்தா வேற எடம் பாத்துக்கச் சொல்லிப்போடறேன். ஷட்டருக்கு எண்ணெய் உடச் சொல்லு உன்ற ஊட்டுக்காரன. கிரீச்சுனு கத்துது." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிருபாசங்கர் பன்னைப் பிய்த்துப் பாதியைப் புவனாவிடம் நீட்டினான். "என்ன நடந்துச்சு இங்க?" என்று கேட்டான். புவனா வாய் நிறைய பன்னோடு சிரித்தாள், அழுதாள். பின்சுவருக்கு மேலே தாஜுன்னிசாவின் தலை வெகு நேரமாக இருந்தது. "பெரிய பொட்டி நாலு இருக்குது, போதுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

மாதம் ஒன்று போயிற்று. ஒரு திங்கட்கிழமை ஷட்டர் சத்தமில்லாமல் மேலே ஏறியது. உள்ளே நான்கு பெரிய பெட்டிகள், ஒன்றில் மத்தி, ஒன்றில் அயிலை, ஒன்றில் சங்கரா என்று அழியாமல் இருந்தது. இந்தத் தடவை புவனா பூப்படம் எதையும் ஒட்டவில்லை. "ஏனுங்க்கா, உள்ள மீனுங்களா?" என்று ஆசையாகக் கேட்ட பட்டறைக்காரர்களுக்கு அரிசிம்பருப்பைக் காட்டினாள். வாசம் பிடித்தவர்கள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மேசை ஓரத்தில் லாஸ்யாவின் காலேஜ் விண்ணப்பம் தண்ணீர் படாமல் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.

மணி பன்னிரண்டரை. வாசலில் இருபது பேர் வரிசையாக நின்றார்கள். புவனா கரண்டியைக் கையில் பிடித்தபடியே மாடிப்படிக்கு அடியில் போய் நின்றாள்.

"அம்மா, சாப்புட வாங்க!"

"இருக்கட்டுங் கண்ணு" என்று மேலிருந்து குரல் வந்தது.

"ஒரு வாய் சாப்ட்டுப்போட்டுப் போலாமுங்க!"

"இப்பத்தான் காப்பி குடிச்சேன்."

வரிசையில் ஒருவர், "அதான் வேண்டாங்கறாங்கல்லக்கா, எங்களுக்குப் போடுங்க" என்றார். புவனா திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்து, அந்த வீதி முழுக்கக் கேட்கும்படி மூன்றாவது தடவை கூப்பிட்டாள்.

மாடிப்படி வளைவில் உடனே செருப்புச் சத்தம் கேட்டது. குழந்தையம்மாள் எப்போதோ பாதிப் படி இறங்கி வந்து, கழுவிய வட்டலைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.